நாற்பத்தொரு பேருக்கு ஏழு மூதாதையர்

கோக்-தெஷிக் மாவட்டக் குழந்தைகள் நலத் துறையின் பொறுப்பில் இருந்த நாற்பத்தொரு பிள்ளைகள் இத்தனை காலமும் மூதாதையர் எவரும் இல்லாமலேயே வளர்ந்துவந்திருக்கிறார்கள் என்ற திடுக்கிடும் உண்மை, செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, இயக்குநர் கதிர்பெக் ஒஸ்மோனோவிச் அவர்களின் மேலான கவனத்துக்கு வந்தது. அப்போது அவர் பல் மருத்துவரின் அறைக்கு வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பல் மருத்துவருடைய ஏழு தலைமுறைத் தந்தைமாரின் பெயர்கள் தங்க எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த வருஷம் அதுதான் மோகம். சலூனில் ஏழு பெயர், கசாப்புக் கடையில் ஏழு பெயர், டாக்சியின் பின் கண்ணாடியில் ஏழு பெயர். எங்கள் பக்கத்தில் வழியில் போகிற பிள்ளையைப் பெரியவர்கள் நிறுத்தி, "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்பது நெடுநாள் வழக்கம். பிள்ளை அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா என்று ஏழு பேரை மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் மூன்றாவது பெயரில் பிள்ளைக்கு இருமல் வந்தால், பெரியவரும் கூடச் சேர்ந்து இருமிவிட்டுத் தன் வழியே போய்விடுவார். இப்போது பள்ளிக்கூடத்தில் சேர, வண்டி ஓட்ட உரிமம் வாங்க, கடை திறக்க, எல்லாவற்றுக்கும் ஏழு பெயரை எழுதி முத்திரை வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. காகிதத்தில் இருமுவது கஷ்டம்.

பல் பிடுங்கிய கையோடு அலுவலகம் திரும்பிய இயக்குநர், வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டே ஆணை எண் 77-ஐச் சொல்லச் சொல்ல, எழுத்தர் நூர்ஜமால் எழுதிக்கொண்டாள். ஆணை பின்வருமாறு:

"பெற்றோர் இன்றி வளர்ப்புக் குடும்பங்களில் ஒப்படைக்கப்பட்டுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும், அக்டோபர் இருபதாம் தேதி கொண்டாடப்படவுள்ள வேர்த் திருநாளுக்கு முன்பாக, தலா ஏழு மூதாதையர் வழங்கப்படுவர். சொந்த மூதாதையர் இல்லாதவர்களுக்குத் துறையே தற்காலிக மூதாதையரை ஒதுக்கீடு செய்யும். மேலும், வெவ்வேறு வேர்களைச் சேர்ந்த பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் வைத்தால் வேர்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் அபாயம் உள்ளபடியால், அத்தகைய பிள்ளைகள் தனித்தனிக் குடும்பங்களுக்கு மாற்றப்படுவர்."

மூதாதையருக்கு எங்கே போவது என்று நூர்ஜமால் தயங்கியபோது, இயக்குநர் மயானப் பதிவேட்டை வரவழைத்தார். அதில் வாரிசு இல்லாமல் செத்துப்போனவர்கள் முந்நூறு பேருக்கு மேல் சும்மா கிடந்தார்கள். இந்தப் பக்கம் முன்னோர் இல்லாத பிள்ளைகள், அந்தப் பக்கம் பிள்ளைகள் இல்லாத முன்னோர். இரண்டு குறையும் ஒரே கையெழுத்தில் தீரும்போது அதைச் செய்யாமலிருப்பது குற்றம் என்று அவருக்குத் தோன்றியது.

ஆணையின் கடைசி வரி மைரமின் தலையில் இடியாக விழுந்தது.

மைரமுக்குப் பதினொரு வயது. இரண்டு வயதில், பேருந்து நிலையத்து பெஞ்சில், கையில் ரொட்டித் துண்டோடு கண்டெடுக்கப்பட்டவள். கோப்பில் அவளுடைய குடும்பச் சொத்து என்ற கட்டத்தில் "ரொட்டி, பாதி" என்று எழுதியிருந்தது. ஊர்ப் பொதுக் குளியலறையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் ஜெய்னெப்பின் வீட்டில் ஆறு வருஷமாக இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்பு அதே வீட்டுக்கு பெக்தூர் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு மூன்று வயது. வந்து நாலு மாசம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் மாசம், சூப்புக் கிண்ணத்துக்கு மேல் தலையைத் தூக்கி, "மைரம், உப்பு" என்றான். அவன் பேசிய முதல் வார்த்தை தன் பெயர்தான் என்பதில் அவளுக்கு அப்படியொரு கர்வம். வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள், உப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவன் தலையணைக்கு அடியில் எப்போதும் ஒரு துணி முடிச்சு இருக்கும். அதற்குள் குருத், அதாவது காய்ந்த தயிர் உருண்டைகள். சரியாகப் பன்னிரண்டு. ஜெய்னெப் எத்தனையோ தடவை எடுத்து அலமாரியில் வைத்துப் பார்த்துவிட்டாள். மறுநாள் பன்னிரண்டும் தலையணைக்கு அடியில் இருக்கும். கேட்டால் ஒரே பதில்தான். "யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போனா, வழியில சாப்பிட வேணாமா?"

மாதத்தின் முதல் வியாழக்கிழமை நூர்ஜமால் ஆய்வுக்கு வருவாள். காலுறைகளை எண்ணுவாள். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நாடா பிடித்து அளப்பாள். பிறகு பேனாவைத் திறந்து, "மகிழ்ச்சியா இருக்கியா? உண்டு, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்பாள். மைரம் "உண்டு" என்பாள். பெக்தூர் மைரமைப் பார்த்துவிட்டு "உண்டு" என்பான். அந்த மாதத்து மகிழ்ச்சி அத்தோடு முடிந்தது என்று ஜெய்னெப் தேநீர் ஊற்றுவாள்.

மூதாதையர் வழங்கும் நாளில் அலுவலகத்து வராந்தாவில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.

"பேரு?" என்றாள் நூர்ஜமால், ஜன்னலுக்குப் பின்னாலிருந்து.

"மைரம். உங்களுக்குத்தான் தெரியுமே அக்கா."

"வெளியில தெரியும். இங்க தெரியாது. அப்பா பேரு?"

"தெரியாது."

"நல்லது," என்று நூர்ஜமால் கட்டத்தில் சரிக்குறி போட்டாள். "தெரிஞ்சவங்களாலதான் தொல்லை. என்ன மாதிரி வேணும்? மேய்க்கறவங்க இருக்காங்க. தேனீ வளக்கறவங்க ரெண்டு பேர் மிச்சம். போர்வீரர் எல்லாம் காலையிலேயே தீந்துபோச்சு. பஜார் தெருப் பசங்க விடியறதுக்கு முந்தியே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"எனக்கும் பெக்தூருக்கும் ஒரே ஆளுங்களா குடுத்துருங்க அக்கா."

"அதெப்படி? பதிவேட்டுல இருக்கற வரிசைப்படிதான். உனக்குச் சலுகை காட்டினா நாளைக்கு செத்தவங்க கேள்வி கேக்க மாட்டாங்களா?"

மைரமுக்கு நாலு மேய்ப்பர்கள், இரண்டு தேனீக்காரர்கள், குதிரை உதைத்துச் செத்தவர் ஒருவர், ஆக ஏழு பேர் வந்தார்கள். பெக்தூருக்கு வந்த ஏழு பேரில் ஐந்தாமவர் வால்டெமார் என்ற ஜெர்மன்காரர். பாலம் கட்ட வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு போனவர். பெக்தூருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. வீடுவரை "வால்டெமார், வால்டெமார்" என்று சொல்லிக்கொண்டே நடந்தான். பிடித்துப்போய் என்ன பயன்? இரண்டு பேருக்கும் இரண்டு வேர். நவம்பர் முதல் தேதி பெக்தூரைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு வீட்டுக்கு அனுப்பப்போவதாக மூன்றாம் நாளே கடிதம் வந்தது. பனிக்காலத்தில் கணவாய் மூடினால் ஐந்து மாசம் இங்கிருந்து அங்கே ஒரு நாய்கூடப் போக முடியாது.

ஜெய்னெப் கைக்கரியைக்கூடக் கழுவாமல் இயக்குநரின் அறைக்குள் நுழைந்தாள். மைரமும் பின்னாலேயே போனாள்.

"ஐயா, அந்தப் பிள்ளை இப்பத்தான் ராத்திரி கத்தாம தூங்கறான். அவனைக் கொண்டுபோய் எங்கயோ விட்டீங்கன்னா மறுபடி வாயை மூடிக்குவான்."

"அக்கா, உங்க உணர்ச்சிகளைத் துறை மதிக்குது. அதுக்குன்னு தனிக் கோப்பே போட்டிருக்கோம்," என்று இயக்குநர் ஒரு தடித்த கோப்பைக் காட்டினார். "ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் தேனீக்கார வம்சம். இன்னொரு பக்கம் ஜெர்மன் பாலக்கார வம்சம். ரெண்டும் ஒரே வீட்ல வளந்தா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"அதான் யாருக்கும் தெரியாது. தெரியாத ஆபத்துதானே பெரிய ஆபத்து?"

"போன மாசம்வரைக்கும் ரெண்டு பேருக்கும் வம்சமே இல்லையே. நீங்க குடுத்ததுதானே?"

"குடுத்தது நாங்கதான். அதுக்காக வேரைக் கேவலமா நினைக்கக் கூடாது," என்று இயக்குநர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மைரம் சும்மா இருக்கவில்லை. மறுநாளே பள்ளிக்கூடம் விட்டு நேராக நூர்ஜமாலின் ஜன்னலுக்குப் போனாள்.

"அக்கா, என்னோட ஏழு பேரைத் திருப்பிக் குடுத்துட்டு, பெக்தூரோட ஆளுங்களையே நானும் வாங்கிக்கறேன்."

"மாத்தலாமே. விதியில இடமிருக்கு. பழைய மூதாதையர் ஏழு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போடணும்."

"அவங்க செத்துட்டாங்களே."

"அப்போ அவங்களுக்கு இறப்புச் சான்றிதழ் வேணும்."

"அது எங்க கிடைக்கும்?"

"அவங்க நேர்ல வந்து, பிறப்புச் சான்றிதழைக் காட்டினா, பக்கத்து ஜன்னல்ல குடுப்பாங்க."

பக்கத்து ஜன்னல் மதியச் சாப்பாட்டுக்காக மூடியிருந்தது. மைரம் அதன்முன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு குளியலறைக் கொதிகலன் இருக்கும் இடத்துக்குப் போனாள்.

ஜெய்னெப் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அந்தக் காகிதம் ரெண்டையும் குடு, பாக்கலாம்" என்றாள். மைரம் கொடுத்தாள். ஜெய்னெப் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கு," என்றாள். "காய வெக்கணும்."

கொதிகலனின் கதவைத் திறந்து, நெருப்புக்கு ரொம்பக் கிட்டக் கொண்டுபோய்க் காய வைத்தாள். தேனீக்காரர்களும் மேய்ப்பர்களும் ஒரு நொடியில் போனார்கள். வால்டெமார் மட்டும் சற்றுத் தாமதித்துச் சுருண்டு, அப்புறம் அவரும் போனார்.

"ஐயோ அம்மா, என்ன பண்ணிட்டீங்க?"

"நான் என்ன பண்ணேன்? தொலைஞ்சுபோச்சு. தொலைஞ்சா என்ன வழின்னு போய்க் கேளு. ஆபீசுல எதுக்கும் ஒரு வழி வெச்சிருப்பாங்க."

வைத்திருந்தார்கள். மூதாதையர் தொலைந்தமைக்கான படிவம். "தொலைந்த விதம்" என்ற இடத்தில் மைரம் "எரிந்தனர்" என்று எழுதினாள். ஒருமுறை ஒதுக்கிய மூதாதையரை மறுபடி ஒதுக்க விதியில் இடமில்லை. ஆகையால், "விண்ணப்பதாரரே தம் ஏழு மூதாதையரை, சுவரில் ஒட்டப்பட்டுள்ள மாதிரிப் படிவத்தைச் சற்றும் பிசகாமல் பின்பற்றி, நிரப்பித் தருக" என்று அடியில் அச்சிட்டிருந்தது.

தலைநகரிலிருந்து அச்சாகி எல்லா அலுவலகங்களுக்கும் வந்த மாதிரிப் படிவம் இங்கேயும் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் ஏழு வரியிலும் பெயர்கள் அழகாக நிரப்பியிருந்தன. அஷிர். துலெபெர்தி. எசெங்குல். கராபெக். தோலுபாய். செகிர். பைசெரிக்.

மைரம் அதைப் பார்த்தாள். அடியில் அச்சிட்டிருந்ததை மறுபடி படித்தாள். சற்றும் பிசகாமல் என்றால் சற்றும் பிசகாமல்தான். இரண்டு படிவங்களிலும், தன் பெயருக்குக் கீழும் பெக்தூர் பெயருக்குக் கீழும், அதே ஏழு பெயரை அதே வரிசையில் அழகாக எழுதினாள்.

நூர்ஜமால் இரண்டு படிவங்களையும் வாங்கி, சுவரிலிருந்த மாதிரியைப் பிய்த்தெடுத்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது.

"பதினாலு வருஷ சர்வீஸ்ல, தப்பே இல்லாம ஒரு சின்னப் பிள்ளை படிவம் நிரப்பி இப்பத்தான் பாக்கறேன்," என்று ஓங்கி ஓங்கி இரண்டு முத்திரை குத்தினாள். "ஒரே வேர். கணவாய்க்கு அனுப்ப வேண்டியதில்ல. ஆனா முழுசா சந்தோஷப்பட்டுக்காதே. திருநாள் அன்னைக்கு கமிஷன் முன்னாடி ரெண்டு பேரும் தப்பில்லாம ஒப்பிக்கணும். அந்தப் பொடியன் ஒரு பேரை விட்டாலும் இந்தக் காகிதம் செல்லாது. மறுபடி மயானப் பதிவேடுதான்."

ஒரே தடவையில் முத்திரை விழுகிற படிவம் ஒன்று இருக்கிறது என்ற செய்தி வளர்ப்புத்தாய்மார் நடுவே பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த ஒன்பது நாளில் மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளின் மூதாதையரும் தொலைந்துபோனார்கள். சிலர் வாய்க்காலில் போனார்கள். சிலரை ஆடு தின்றது. ஒரு வீட்டில் ஏழு பேரையும் அப்பத்துக்குக் கீழே எண்ணெய் வடியப் போட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். நூர்ஜமால் கை ஓயும்வரை முத்திரை குத்தினாள்.

பெக்தூருக்குப் பாடம் ஏற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அவனுக்கு வால்டெமாரை விட மனமில்லை.

"வால்டெமாரை நடுவுல சேத்துக்கலாமா?"

"கூடாதுடா. அவர் எரிஞ்சுபோயிட்டாரு."

"பாவம். காய்ச்சல் வேற."

"எசெங்குல் சொல்லு. மூணாவது எசெங்குல். அதைத்தான் எப்பவும் விடறே."

திருநாளுக்கு மிச்சமிருந்த இருபது நாளும் சூப்புக்கு ஒரு தடவை, பல் தேய்க்க ஒரு தடவை என்று ஒப்பித்தார்கள். பத்துக்கு எட்டுத் தடவை எசெங்குல் வரவில்லை. கடைசி வாரம் பெக்தூரின் துணி முடிச்சில் குருத் பன்னிரண்டிலிருந்து இருபதாக ஏறியிருந்ததை மைரம் பார்த்தாள். கணவாய் தூரம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வேர்த் திருநாளன்று கலாசார மாளிகையில் நிற்க இடமில்லை. தலைநகரிலிருந்து வந்த கமிஷனின் தலைவி தில்யாரா ஷம்ஷியெவ்னா முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார். பெரிய விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையாக அவருக்கென்று அவித்த ஆட்டுத் தலை மேடைக்குப் பின்னால் ஆவி பறக்கத் தயாராக இருந்தது. கதிர்பெக் ஒஸ்மோனோவிச் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு ஒலிபெருக்கி முன் வந்தார்.

"வேர் இல்லாத மரம் எதுவும் நம் மாவட்டத்தில் இனி இல்லை என்பதை ஆழ்ந்த மனநிறைவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு வழிகாட்டும் முகமாக, முதலில் அடியேன் என் ஏழு தந்தைமாரைச் சொல்கிறேன். ஒஸ்மோன். ஜுசுப்." இங்கே அவர் லேசாக இருமினார். "எசெங்குல், கராபெக், தோலுபாய், செகிர், பைசெரிக்."

கைதட்டல் எழுந்தது. மேடை ஓரத்தில் நின்ற மைரம் மட்டும் கைதட்ட மறந்துபோனாள். இயக்குநரின் மூதாதையரும் எப்போது எரிந்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

இருக்கிற பிள்ளைகளிலேயே சிறியவன் முதலில் வரட்டும், பத்திரிகைப் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று ஏற்பாடு. பெக்தூரை ஒரு நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தினார்கள். அவன் கண்கள் மைரமைத் தேடிப் பிடித்தன.

"அஷிர்," என்றான். "துலெபெர்தி."

அவ்வளவுதான். வாய் நின்றுவிட்டது.

கீழே ஜெய்னெப் தலைத்துணியின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். நூர்ஜமால் பேனாவைத் திறந்தாள். பெக்தூரின் உதடு "வா" என்று குவிவதை மைரம் பார்த்தாள். வால்டெமார் வந்துகொண்டிருந்தார், வந்தால் தொலைந்தது.

அந்த நேரத்தில், யாரும் கேட்காமல், யாரும் திட்டமிடாமல், மாளிகையில் இருந்த நானூறு பேரும் ஒரே குரலில், "எசெங்குல்" என்றார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் இத்தனை நாள் உருப்போட்ட வாய் பாதியில் நிற்குமா? "கராபெக், தோலுபாய், செகிர், பைசெரிக்" என்று கடைசிவரை போய்த்தான் நின்றது. பல் மருத்துவர் சொன்னார். கசாப்புக் கடைக்காரர் சொன்னார். டாக்சிக்காரர்கள் பின்வரிசையில் நின்று சொன்னார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார். முன்வரிசை நடுவில் தில்யாரா ஷம்ஷியெவ்னாவின் உதடுகளும் அசைந்ததை, மேடையிலிருந்த மைரம் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

எல்லாரும் செய்தது ஒன்றுதான். அப்பா பெயர் தெரியும், தாத்தா பெயர் தெரியும். மூன்றாவதிலிருந்து, காகிதத்தில் இரும முடியாத காரணத்தால், சுவரிலிருந்த மாதிரியைப் பார்த்து எழுதிவிட்டார்கள். தான் ஒருவர்தான் அப்படிச் செய்ததாக ஒவ்வொருவரும் வெட்கத்தோடு நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாம் மட்டும் என்ன? இதைச் சொல்கிற நானும் எசெங்குல் வழிதான்.

நானூறு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தத்தம் செருப்பைப் பார்த்தார்கள். பெக்தூர்தான் அமைதியைக் கலைத்தான்.

"மைரம், இவங்க எல்லாரும் நம்ம சொந்தக்காரங்களா?"

கமிஷன் ஒப்பனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது தில்யாரா ஷம்ஷியெவ்னாவின் முகம் தெளிவாக இருந்தது.

"விஷயத்தைத் தீர ஆராய்ந்தோம்," என்றார். "இந்த மாவட்டத்தில் எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் இதே முன்னோரை முத்திரையுடன் சமர்ப்பித்துள்ளார்கள். ஒரு காகிதம் தவறு என்றால் எல்லாமே தவறு. எட்டாயிரத்து நானூறு முத்திரை தவறாக விழ வாய்ப்பில்லை. ஆகவே அனைத்தும் உண்மை. நீங்கள் எல்லாரும் ஒரே ரத்தம். இந்த மாவட்டத்தில் இந்த நொடியிலிருந்து அநாதை என்று ஒரு பிள்ளையும் இல்லை."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பல் மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட்டுத் தலை மேடைக்கு வந்தது. உறவுக்காரர்கள் இருக்கும்போது பிள்ளைகள் அரசின் பொறுப்பில் இருப்பது முறையல்ல என்பதால், உறவினர்கள் விண்ணப்பித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாம் என்றும், அதுவரை இருக்கிற வீட்டிலேயே இருக்கட்டும் என்றும் ஆணை எண் 78 அங்கேயே கையெழுத்தானது.

"அப்போ நானும் இதுங்களுக்கு உறவு. இனி யாரும் கூட்டிட்டுப் போக முடியாது, இல்லையா?" என்றாள் ஜெய்னெப்.

நூர்ஜமால் பட்டியலைப் புரட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை.

"உங்க பேரே இல்லையே அக்கா. நீங்க ஏழு பேரை எழுதிக் குடுக்கவே இல்லையே."

"எதுக்கு எழுதணும்? எனக்குத்தான் ஏழு பேரையும் தெரியுமே." ஜெய்னெப் அங்கேயே நின்று ஏழு பெயரையும் கடகடவென்று சொன்னாள். ஒன்றுகூட மாதிரியில் இல்லாத பெயர்.

"தெரிஞ்சா மட்டும் போதுமா?" என்று நூர்ஜமால் வருத்தத்தோடு பேனாவை எடுத்தாள். "முத்திரை இருக்கா? இல்ல. பதிவேட்டுப்படி மாவட்டத்துலயே இந்தப் பிள்ளைங்களுக்கு ஒட்டுமில்லாத உறவுமில்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான்." உறவுமுறை என்ற கட்டத்தில் "அந்நியர்" என்று எழுதினாள். "உறவுக்காரங்க யார் வந்து கேட்டாலும் நீங்க குடுத்துரணும். ரெண்டு பேரையும் சேத்துக் கேட்டாலும் சரி, ஒருத்தரை மட்டும் கேட்டாலும் சரி."

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் மைரம் கணக்குப் போட்டாள். முன்பு ஒரே ஒரு இயக்குநர் பெக்தூரைப் பிரிக்கலாம். இப்போது எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் பிரிக்கலாம்.

அப்புறம் நடந்ததை ஊரறியும். ஏழு தலைமுறைக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆகவே திருமணப் பதிவாளர் அலுவலகத்தைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நின்றுபோன கல்யாணங்களில் இயக்குநரின் மகள் கல்யாணமும் ஒன்று. பக்கத்து மாவட்டத்தில் மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள், அங்கேயும் சுவரில் அதே மாதிரிதான் ஒட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தார்கள். தலைநகரத்து அச்சகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. மாதிரியில் இருந்த ஏழு பேரும் அச்சகத்துக் கைப்பந்து அணி, ஆறு ஆட்டக்காரர்கள், ஒரு மாற்று ஆள், எல்லாரும் சௌக்கியம், தங்களுக்கு இவ்வளவு பேரப்பிள்ளைகள் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். துறை அந்தக் கடிதத்தை உணர்ச்சிகளுக்கான கோப்பில் சேர்த்தது.

ஒவ்வொரு நாளும் மைரம் ஜன்னலோரம் உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள். யாராவது கேட்டைத் தொட்டால் எழுந்து நின்றாள். பெக்தூர் வேறு மாதிரி. வருகிற உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருபது குருத்தையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தான்.

"எட்டாயிரம் பேர் வந்தா இது பத்துமா அம்மா?"

"பத்தும்டா," என்றாள் ஜெய்னெப். "தாராளமா பத்தும்."

தெருவில் போனால் அவன் யாரையும் விடுவதில்லை. பல் மருத்துவரைப் பார்த்து "பெரியப்பா" என்பான். போலீஸ்காரரைப் பார்த்து "மாமா" என்பான். முதலில் சிரித்தார்கள். பிறகு தூரத்திலேயே அவனைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்ப் பக்கம் போனார்கள். இயக்குநர் ஒருநாள் அவனுக்குப் பயந்து பெண்கள் தொப்பிக் கடைக்குள் நுழைந்து, அரை மணி நேரம் வெளியே வர முடியாமல், கடைசியில் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு போனார்.

நவம்பர் போயிற்று. கணவாய் மூடியது. முதல் வியாழக்கிழமைதோறும் நூர்ஜமால் வந்து, காலுறைகளை எண்ணி, கட்டில்களை அளந்து, புதிதாகச் சேர்த்த கட்டத்தில் "உறவினர் எவரும் வரவில்லை" என்று எழுதிவிட்டு, தேநீரைக் குடித்துமுடிக்காமல் எழுந்து போனாள். அவளும் பட்டியலில் ஒருத்திதான்.

மார்ச் மாதம், பனி உருகிச் சேறான ஒரு மதியத்தில், மைரமும் பெக்தூரும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு அவர்களை நிறுத்தினார்.

"யார் வீட்டுப் பிள்ளைங்க நீங்க?"

"அஷிர், துலெபெர்தி, எசெங்குல், கராபெக், தோலுபாய், செகிர், பைசெரிக்," என்றாள் மைரம்.

"அடடே," என்று பெரியவர் முகம் மலர்ந்தார். "எசெங்குல் வழியா? அப்போ நீங்க நம்ம வீட்டுப் பிள்ளைங்க."

"ஆமா தாத்தா. உங்க வீட்டுப் பிள்ளைங்கதான்," என்றாள் மைரம். "நீங்க வந்து கூட்டிட்டுப் போகணும்னுதான் ஆபீசுல சொல்லியிருக்காங்க. நாளைக்கு வர்றீங்களா?"

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். பிறகு இருமினார். நல்ல இருமல், பழைய காலத்து இருமல். தடியை மாற்றிப் பிடித்தபடி தெருவின் இரு பக்கமும் பார்த்து, தனக்குப் பேருந்து வந்துவிட்டது என்றார். பேருந்து வரவில்லை. ஆனாலும் அவர் போய்விட்டார்.

பெக்தூர் மைரமின் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"திரும்பி வருவாரா?"

"வர மாட்டாரு. யாரும் வர மாட்டாங்க."

உறவுக்காரர்களுக்கென்று வைத்திருந்த குருத்தில் ஒன்றை அவன் பையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இன்னொன்றை எடுத்து அவள் கையில் வைத்தான்.